பாத்தியில் நின்ற மழை

ஆகஸ்ட் 21. காலை ஆறு மணிக்குச் சற்று முன்னர், கண்டியில் ஒரு மருத்துவமனையில், மனைவி இறந்தார். மழை: இரவு முழுவதும் தூறல்.

நவம்பர் 30. யாழ்ப்பாணத்து வீட்டை விற்பதென முடிவாயிற்று. மழை: பிற்பகல், கனம்.

ஜனவரி 11. வீட்டுத் திறப்புகள் புதிய உரிமையாளரிடம் கையளிக்கப்பட்டன. முற்றத்துத் திராட்சைக் கொடியிலிருந்து ஆறு தண்டுகள் வெட்டி எடுக்கப்பட்டன. மழை: இல்லை.

ஜனவரி 13. ஆறு தண்டுகளும் கலஹா வீதி வீட்டின் கீழ்ப்புறத் தட்டில் நடப்பட்டன. மழை: இல்லை.

பெப்ரவரி 19. மூன்று தண்டுகள் துளிர்த்தன. மூன்று காய்ந்தன. மழை: இல்லை.

மார்ச் 7. ஆனைக்கொய்யா மரத்தின் கிழக்குக் கிளைகளும் தெற்குக் கிளைகளும் வெட்டப்பட்டன. மழை: இல்லை.

மேலுள்ளவை நான் நாள்தோறும் எழுதிவரும் மழைக் குறிப்பேட்டிலிருந்து பெயர்த்தவை. பாடசாலையில் புவியியல் கற்பித்த காலத்தில் தொடங்கிய பழக்கம் அது. அந்தக் குறிப்பேட்டில் திகதிக்கு ஒரு நிரல், நிகழ்வுக்கு ஒரு நிரல், மழைக்கு ஒரு நிரல் உண்டு. காரணத்துக்கு நிரல் கிடையாது. மார்ச் ஏழாம் திகதிக்குப் பின் நடந்தவற்றை அந்த நிரல்களுக்குள் அடக்க முயன்று தோற்றதால், இதைத் தனித்தாளில் எழுதுகிறேன்.

நானும் மனைவியும் யாழ்ப்பாணத்திலிருந்து இங்கு வந்தது அவருடைய சிறுநீரகங்களின் பொருட்டு. மகள் பேராதனையில் வேலை செய்கிறாள். கலஹா வீதியில், மலைச்சரிவொன்றில், அவளுடைய வீடு. கிழமைக்கு இரண்டு தரம் சிகிச்சைக்குச் செல்லவேண்டிய ஒருவருக்கு அதைவிட வசதியான இடம் எங்களுக்கு வாய்த்திராது. ஆறு மாதம் என்று சொல்லிக்கொண்டு வந்தோம். இரண்டு ஆண்டுகள் ஆயின.

இந்த இடத்தின் காலநிலையை நான் நன்கு அறிந்திருந்தேன், வரைபடத்தில். இரண்டு பருவப் பெயர்ச்சிகளும் தொட்டுச்செல்வது, இடைப்பட்ட மாதங்களில் பிற்பகல் இடிமழை பெய்வது, சரிவில் களி கலந்த மண் நீரைப் பிடித்து வைத்திருப்பது ஆகிய எல்லாவற்றையும் ஆண்டுதோறும் கரும்பலகையில் வரைந்திருக்கிறேன். வந்த முதல் மாதத்திலேயே என் புத்தக அட்டைகளில் சாம்பல் நிறப் பூஞ்சணம் படர்ந்தது. போத்தலில் இருந்த உப்பு கசிந்து கட்டியாயிற்று. நான்கு மணிக்கே எதிர்மலை வெயிலை மறைத்துவிடும். தோய்த்த சறம் மூன்றாம் நாளும் ஈரத்துடன் தொங்கும். அந்த ஈரச் சறத்தை உடுத்திக்கொண்டு யன்னலோரம் நின்று நான் குறை சொல்லுவேன்.

"முப்பது வருஷமாப் பிள்ளையளுக்குப் படிப்பிச்ச மழை இதுதானே," என்பார் மனைவி. "இப்ப நேரில கண்டவுடன ஏன் அதோட சண்டை பிடிக்கிறியள்?"

அவர் சண்டை பிடிக்கவில்லை. வந்த சில கிழமைகளிலேயே அலுமாரிக்குள் கரித்துண்டுகளைத் துணியில் முடிந்து வைத்தார். விடிந்ததும் துணி தோய்த்து, நண்பகலுக்கு முன்னரே எடுத்து மடித்தார். சேலைக்கு மேல் மகளின் பழைய கம்பளிச் சட்டையை அணிந்துகொண்டு, அட்டை ஏறாதிருக்கக் காலில் சவர்க்காரம் பூசிக்கொண்டு, சரிவில் இறங்கினார். நான் இவற்றை ஒரு நோயாளியின் பொறுமை என்றே எண்ணினேன்.

யாழ்ப்பாணத்தில் அவருடைய திராட்சைப் பந்தல் எங்கள் தெருவில் எல்லோரும் அறிந்த ஒன்று. இருபது ஆண்டுகள் அந்தக் கொடியை அவர்தான் கவாத்துச் செய்தார். வேறு எவரையும் கத்தியுடன் அதற்குக் கிட்டப் போகவிட்டதில்லை, என்னையும்கூட. இங்கு வந்த பின் கம்பளைச் சந்தைக்கு மகளுடன் சென்றவர், நான்கு அந்தூரியப் பூக்கன்றுகளுடன் திரும்பினார். வீட்டின் கீழ்ப்புறத்தில் பெரிய ஆனைக்கொய்யா மரம் ஒன்று இருந்தது. இங்குள்ளவர்கள் அதை அவகாடோ என்பார்கள். அதன் நிழலில் தேங்காய் மட்டைத் துண்டுகளையும் உடைந்த ஓட்டையும் கரியையும் பரப்பி அந்த நான்கையும் வைத்தார். இரண்டாம் ஆண்டு முடிவில் ஐந்து வரிசைகள் இருந்தன. சிகிச்சை முடிந்து வந்த நாட்களில் படியில் அமர்ந்தபடி, எந்தச் செடியில் எந்தப் பழைய இலையை அகற்றவேண்டும் என்று கையால் காட்டுவார்.

அவர் கையால் காட்டியதைச் செய்தவர் கலஹாவிலிருந்து செவ்வாயும் வெள்ளியும் பஸ்ஸில் வருபவர். தேயிலைத் தோட்டத்தில் கான் வெட்டும் வேலையில் நாற்பது ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவர். கான் என்பது சரிவில் மழைநீர் தேங்காமல் வடிந்தோட வெட்டும் வாய்க்கால். என்னைவிட நான்கைந்து வயது இளையவர். மனைவியை 'அம்மா' என்பார். என்னை 'ஐயா' என்பார், ஆனால் என்னிடம் எதையும் கேட்பதில்லை.

முதலாவது ஆண்டில் ஒரு நாள் நான் மனைவியிடம் கேட்டேன்:

"ஊருக்குப் போகேக்க உம்மட கொடியில ஒரு தண்டு கொண்டுவந்து இஞ்ச வைச்சுப் பார்ப்பமே?"

"வேண்டாம். அது வெயில் குடிச்சு வளர்ந்த சாமான். அதைக் கொண்டுவந்து ஏன் வதைக்கிறியள்? அங்கயே நிக்கட்டும்."

"நீர் அதை இருபது வருஷம் பாத்தனீர்."

"ஓம், பாத்தன்தான். இப்ப எனக்கு இதுவே காணும்."

இதைச் சொல்லும்போது ஓர் அந்தூரிய இலையை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். முகத்தில் துயரம் எதுவும் இருக்கவில்லை. இருந்திருக்கவேண்டும் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

அவர் இறந்த பின் யாழ்ப்பாணத்து வீட்டை வைத்திருப்பதில் பொருளில்லை என்று உறவினர் எல்லோரும் சொன்னார்கள். நானும் அதை ஒப்புக்கொண்டேன். வாங்கியவர் மரியாதை தெரிந்த மனிதர். பந்தல் நின்ற இடத்தில் கார் நிறுத்துவதற்குச் சீமெந்துத் தளம் போடப்போவதாகத் தயங்கித் தயங்கிச் சொன்னார். அது அவருடைய நிலம். அன்றே கத்தி ஒன்றை இரவல் வாங்கி ஆறு தண்டுகளை வெட்டினேன். அந்தக் கொடியில் நான் கத்தி வைத்தது அதுவே முதல் தடவை. கண்டி வரையிலான எட்டு மணித்தியாலமும் ஈரச் சாக்கில் சுற்றிய தண்டுகள் என் மடியில் இருந்தன. பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர், சாக்குக்குள் இருப்பது மீனா என்று கேட்டார். இல்லை என்றேன்.

இவற்றில் ஒன்றேனும் பிடிக்கவேண்டும் என்பதைத் தவிர எனக்கு அப்போது வேறு விருப்பம் எதுவும் இருக்கவில்லை. அந்தக் கொடி இன்னும் ஒரு கிழமையில் எங்கும் இருக்காது. அதனுடைய எச்சம் இந்த ஆறு குச்சிகள் மட்டுமே.

அந்தூரிய வரிசைகளை ஒட்டியபடி கீழே சிறு தட்டு ஒன்று இருந்தது. சரிவில் சமதரை வேறு இல்லை. அங்கே எங்கள் ஊரில் செய்வதுபோல ஆழமாகக் குழி தோண்டி, எருவும் இலைகுழையும் இட்டு, தண்டுகளை நட்டு, ஒவ்வொன்றையும் சுற்றிவரப் பாத்தி கட்டினேன். வரம்பை மண்வெட்டியின் பின்புறத்தால் தட்டி இறுக்கினேன். மூச்சு வாங்கியது. முடிக்கும்போது கலஹாக்காரர் வந்து நின்றார்.

"என்னங்க ஐயா இது?"

"பாத்தி."

"எதுக்குங்க?"

"தண்ணி நிக்க."

அவர் வானத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "நாப்பது வருசமா தண்ணிய வெரட்டுறதுக்குத்தான் எனக்குப் பேரு போட்டுச் சம்பளம் குடுத்தாங்க. நீங்க என்னடான்னா கூப்புட்டு ஒக்கார வைக்கிறீங்க."

"இந்த மாசத்தில மழை குறைவு."

"கொறவுதாங்க. ஆனா இந்த மண்ணு குடிச்ச தண்ணிய லேசுல விடாது. மண்ணக் கூட்டி மேடு கட்டி வைங்க. அம்மாவா இருந்தா மேட்டுலதான் வச்சிருப்பாங்க."

அம்மாவாக இருந்தால் வைத்தே இருக்கமாட்டார் என்பதை நான் சொல்லவில்லை.

இந்த இடத்தில் ஒரு விளக்கம் தேவை. எங்கள் பக்கத்து மண் சிவப்பு. அதன் கீழே சுண்ணக்கல். ஊற்றிய நீர் கண்ணெதிரே இறங்கி மறைந்துவிடும். கிணற்றிலிருந்து இறைத்த நீர் பாத்தியின் வரம்பைத் தாண்டி ஓடுவதைப் பார்த்துக்கொண்டு அங்கே எவரும் சும்மா நிற்கமாட்டார்கள். பேசிக்கொண்டிருப்பவர் பேச்சை நிறுத்திவிட்டுக் காலால் மண்ணை ஒதுக்கி அடைப்பார். சொந்தத் தோட்டமாக இருக்கவேண்டும் என்பதும் இல்லை. வழியில் போகிறவரும் அடைப்பார். களிமண்ணில் தோண்டிய குழி ஓட்டையில்லாத பானை என்பதை நான் அறிவேன். அதைப் பரீட்சைக் கேள்வியாகவே கொடுத்திருக்கிறேன். ஆனால் மண்வெட்டியைப் பிடித்த கைகள் அந்தப் பாடத்தைப் படித்தவையல்ல.

பெப்ரவரியில் மூன்று தண்டுகள் துளிர்த்தன. இரண்டு நாட்கள் எவரிடமும் சொல்லவில்லை. காலையில் தேநீர்க் கோப்பையுடன் கீழே இறங்கி, ஒவ்வொன்றின் முன்னும் குனிந்து பார்த்துவிட்டு, வாளியில் நீர் கொண்டுவந்து பாத்தியை நிரப்புவேன். அந்த நாட்களில் நித்திரை ஓரளவு வந்தது.

மார்ச் தொடக்கத்தில் புதிய இலைகள் வெளிறின. தண்டு மெலிந்து மேல்நோக்கி நீண்டது. வெளிச்சம் போதாது என்று முடிவு செய்தேன். அது பிழையான முடிவு என்று இன்றும் சொல்லமாட்டேன், வெளிச்சமும் போதவில்லைத்தான். மரத்தின் கிழக்கு, தெற்குக் கிளைகளை இறக்கும்படி கலஹாக்காரரிடம் சொன்னேன்.

கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "அம்மா பூவுக்கு நெழலு போயிருங்களே."

"கொஞ்சம் வெயில் பட்டா ஒண்டும் செய்யாது."

"அந்தூரியம் வெயிலு தாங்காதுங்க ஐயா. அம்மா எத்தன வாட்டி சொல்லியிருக்காங்க."

"வெட்டுங்கோ."

"சரிங்க. தொரை சொன்னா வெட்டுறதுதானே எங்க பொழப்பு," என்று சொல்லி ஏறினார். அதிலிருந்த குத்தலை நான் உணர்ந்தேன். நான் உணரவேண்டும் என்றுதான் அவர் சொன்னார்.

மார்ச் மாதத்து வெயில் இங்கே குறுகியது. ஆனால் உயரத்தினால் கூரியது. பத்து நாட்களில் அந்தூரிய இலைகளின் நடுப்பகுதி வெளுத்தது. பின்னர் அந்த வெளுப்பு பழுப்பாகிக் கடதாசிபோல் உலர்ந்தது. திராட்சை இலைகள் பச்சை பிடித்தன. இரண்டையும் ஒரே இடத்தில் நின்று பார்க்கலாம். தலையைத் திருப்பினால் போதும்.

மகள் வேலை முடிந்து வந்து படியில் நின்றாள். "அப்பா, அம்மான்ர பூக்கண்டுகள் எரியுது."

"ஓம். தெரியும்."

"தெரிஞ்சுமா?"

நான் வாளியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். அவள் உள்ளே சென்று பாத்திரங்களைக் கழுவத் தொடங்கினாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை கலஹாக்காரர் இரண்டு பெரிய கட்டு காட்டுப் பெரணி இலைகளுடன் பஸ்ஸிலிருந்து இறங்கினார். தேயிலை நாற்றுக்கு நிழலாக அதைத்தான் மண்ணில் குத்திவைப்பார்களாம். "கண்டக்டர் பய, இது என்னா ஆட்டுக்கா, ஒனக்கான்னு கேக்குறான்," என்று சொல்லிக்கொண்டே மேல்வரிசையிலிருந்து குத்தத் தொடங்கினார். முதல் இரண்டு வரிசைகள் முடிந்தன. மூன்றாவதில் கை வைத்தபோது நான் தடுத்தேன்.

"அந்தப் பக்கம் வேண்டாம்."

"ஏங்க?"

"இடுப்பளவு உயரமா நிக்குது. கொடிக்குக் காலமை வெயில் மறையும்."

அவர் கையிலிருந்த பெரணியைப் பார்த்தார். பிறகு கீழ்த்தட்டிலிருந்த மூன்று கொடிகளையும் பார்த்தார். மூன்றும் முழங்காலளவுதான் இருந்தன.

"இது அம்மா வச்சதுங்க," என்றார்.

"அதுவும் அம்மா வைச்சதுதான்."

"அது அங்க வச்சது. இது இங்க வச்சது."

அவர் மீதிப் பெரணிக் கட்டை வேலியோரம் போட்டுவிட்டுப் போனார். மூன்று வரிசைகள் நிழலின்றி நின்றன. அவற்றை இழக்கக்கூடும் என்பதை நான் அறிந்தே சொன்னேன். மறதியோ தடுமாற்றமோ என்று பின்னர் எவரும் எனக்காகச் சொல்லிவிடக்கூடாது என்பதால் இதை எழுதிவைக்கிறேன். ஏப்ரல் தொடங்குமுன் மூன்று வரிசைகளும் போயின.

பின்னர் மழை வந்தது. ஏப்ரலில் அது தன் நேரம் தவறாது. மதியம் வரை வெயில். இரண்டு மணிக்கு மலை கறுக்கும். மூன்று மணிக்கு இடி. பாத்திகள் நிரம்பின. மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் நீர் அப்படியே நிற்கும், அதில் ஆனைக்கொய்யா இலைகள் மிதக்கும். கொடிகளின் இலைகளில் எண்ணெய்ப் புள்ளிகள் போன்ற மஞ்சள் புள்ளிகள் தோன்றின. இலையின் கீழ்ப்புறத்தில் வெள்ளைப் பூஞ்சை.

ஒரு செவ்வாய்க்கிழமை நான் மருந்தெடுக்கப் போயிருந்த நேரத்தில் கலஹாக்காரர் மூன்று பாத்திகளின் வரம்பையும் கீழ்ப்பக்கமாக வெட்டி, அழகாக ஒரு கான் இழுத்துவிட்டிருந்தார். நான் திரும்பியபோது அவர் போய்விட்டார். மழை தொடங்கியிருந்தது. குடையுடன் கீழே இறங்கினேன். நீர் மூன்று பாத்திகளிலிருந்தும் வெளியேறி, கானில் ஒன்றுசேர்ந்து, வேலிக்கு அப்பால் ஓடிக்கொண்டிருந்தது. அவர் செய்தது சரி. அங்கு நின்றபோதே அது சரி என்று எனக்குத் தெரியும். நீர் ஓடிக்கொண்டே இருந்தது. சிறிது நேரம் பார்த்தேன். பின் குடையை மடித்து வைத்துவிட்டு, மண்ணை அள்ளி மூன்று உடைப்புகளையும் அடைத்து, காலால் மிதித்து இறுக்கினேன்.

வெள்ளிக்கிழமை அவர் வந்து பார்த்தார். "அடிச்ச மழையில மண்ணு சரிஞ்சு அடைச்சிருச்சு போல," என்றார். நான் மண்வெட்டியை எடுத்துக் கொடுத்தேன். அவர் மறுபடி வெட்டிவிட்டார். அதற்குள் இரண்டு கொடிகள் வாடியிருந்தன. நீருக்குள் நின்றபடி வாடுவது எங்கள் ஊரில் நான் கண்டிராத காட்சி.

மே மாதம் இருபத்திரண்டாம் திகதி கடைசிக் கொடியைப் பிடித்து இழுத்தேன். எதிர்ப்பு எதுவும் இல்லாமல் கையோடு வந்தது. வேர் கறுத்து, தோல் கழன்று, சாக்கடை மணத்தது. கலஹாக்காரர் அதை என் கையிலிருந்து வாங்கி, நகத்தால் தண்டைக் கீறிப் பார்த்தார். உள்ளே பச்சை இல்லை.

"அடுத்த வருசம் வேற குச்சி கொண்டாங்க. மேடு கட்டி வைப்போம். இப்பத்தான் தெரிஞ்சிருச்சே."

"அங்க சீமெந்து போட்டாச்சு."

"முழுசாவா?"

"ஓம்."

அவர் தண்டை உடனே எறியவில்லை. சற்று நேரம் வைத்திருந்துவிட்டு வேலியோரம் சாய்த்து வைத்தார். "அப்ப குழிய மூடிரட்டுங்களா?"

"பிறகு பாப்பம்."

இதை எழுதும்போது ஜூலை. தென்மேற்கு மழை காலையிலேயே தொடங்கிவிடுகிறது. பெரணி நிழலில் தப்பிய இரண்டு வரிசைகளுக்கும் மகள் கறுப்பு நிழல்வலை வாங்கிக் கட்டினாள், சனிக்கிழமை ஒன்றில், தனியாக. நான் ஏணியைப் பிடிக்கப் போனேன். தேவையில்லை என்றாள். வேலைக்குப் புறப்படுமுன் அவளே கீழே இறங்கி, தாயார் செய்ததுபோல ஒவ்வோர் இலையாகத் துடைக்கிறாள். யாரும் அவளுக்குக் கற்பிக்கவில்லை. படியில் இருந்து பார்த்திருக்கவேண்டும். அவற்றிலும் சில இலைகளில் கரும்புள்ளி தெரிகிறது.

போன கிழமை நான் வாளியுடன் அந்தப் பக்கம் போனபோது மேலிருந்து அவளுடைய குரல் வந்தது.

"அப்பா, அதுகளுக்கு நீங்கள் தண்ணி விடாதேங்கோ."

"வலைக்குக் கீழ மழை குறைவாத்தானே விழும்."

"நான் பாக்கிறன் அப்பா. நீங்கள் தொடாதேங்கோ. ப்ளீஸ்."

கோபம் இல்லாத குரல். நோயாளியுடன் பேசுவதுபோல, அவசரமில்லாமல் சொன்னாள். வாளியை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.

மனைவி இங்கே வாழ்ந்த இரண்டு ஆண்டுகளையும் நான் ஒரு தரிப்பிடம் என்றே கருதியிருந்தேன். அவர் அப்படிக் கருதவில்லை. அதற்குரிய சான்று ஐந்து வரிசைகளாக அந்த மரத்தின் கீழ் இருந்தது. அதில் மூன்றை நான் அகற்றினேன். மிகுதி இரண்டும் என் பொறுப்பில் இல்லை, அது நியாயமே. இனி இந்தக் காலநிலைக்குப் பழகவேண்டும் என்று மருத்துவரும் உறவினரும் சொல்கிறார்கள். எதற்காக என்று அவர்களிடம் கேட்பது நாகரிகமாகாது.

இன்றுவரை செய்யாமல் இருப்பவை:

கீழ்த்தட்டிலுள்ள குழிகளை மூடுதல்.

வெட்டிய கிளைகளை வேலியோரத்திலிருந்து அகற்றுதல்.

உடைப்பை அடைத்தது மழையல்ல என்று கலஹாக்காரரிடம் சொல்லுதல்.

வெறுமையாகக் கிடக்கும் மூன்று வரிசைகளில் என்ன நடலாம் என்று மகளிடம் கேட்டல்.

பந்தலுக்கென்று பெப்ரவரியில் வாங்கிவைத்த நான்கு கம்பங்களை யாருக்காவது கொடுத்தல்.